வாலும் நிமிர்ந்த பலகை

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் பெண் குழந்தை விளையாடுவதற்காக இரண்டு குட்டை ஸ்கீகளை, அதாவது பனியில் சறுக்கக் காலுக்கு ஒன்றாக மாட்டும் பலகைகளை, அருகருகே வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்து ஒரே பலகையாக்கினார். ஸ்னர்ஃபர் என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மைதான் பின்னாளில் உலகெங்கும் பரவிய, இரு காலும் ஒரே பலகையில் நிற்கும் ஸ்னோபோர்டுக்கு மூதாதை. 23 ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை எடுத்து நீளவாக்கில் அறுத்து இரண்டு ஸ்கீகளாக்கினார். முதலாமவர் ஒட்டினார், இரண்டாமவர் அறுத்தார். இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துப் பார்க்காமல் இன்றைய ஸ்கீயின் வாழ்க்கைக் கதையைச் சொல்ல முடியாது.

இன்று கனடாவிலோ ஆல்ப்ஸ் மலையூர் ஒன்றிலோ ஓர் இளைஞர் கடைக்குள் போய், "காலையில் பார்க்கில் தாவ வேண்டும், மதியம் மரங்களுக்கு நடுவே புதுப்பனியில் இறங்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே ஜோடி கொடுங்கள்" என்று கேட்கலாம். கடைக்காரர் சுவரில் சாய்த்திருக்கும் நான்கைந்து ஜோடிகளைக் காட்டுவார். 1995இல் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் கடைக்காரருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. பார்க் ஸ்கீக்காரர்களுக்கு உரியதல்ல; அதில் தாவுவதற்கான ஸ்கீயையும் யாரும் பெரிய அளவில் செய்து விற்கவில்லை. புதுப்பனிக்கான அகல ஸ்கீயோ, கால் தளர்ந்த பணக்காரர்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கும்போது மாட்டிக்கொள்வது என்ற பெயரோடு இருந்தது.

பனியையே பார்த்திராதவர்களுக்காக இந்த இரண்டு நிலங்களையும் கொஞ்சம் விளக்க வேண்டும். டெரெய்ன் பார்க் என்பது மலைச் சரிவில் இயந்திரங்களால் கட்டி எழுப்பிய மைதானம். பனியை அள்ளிக் குவித்து இறுக்கித் தாவுமேடைகள் அமைத்திருப்பார்கள். இரும்புக் கம்பிகளும் பிளாஸ்டிக் தளம் போட்ட நீளப் பெட்டிகளும் நட்டிருக்கும். அவற்றின்மேல் வழுக்கிப் போக வேண்டும், காற்றில் சுழல வேண்டும், பாதி நேரம் முதுகு காட்டித் தரையிறங்க வேண்டும். அங்கே பனி கெட்டியானது, இரவில் உறைந்தால் கல்தான். பொடிப்பனி இதற்கு நேர் எதிர். குளிர்ந்த வறண்ட காற்றில் அப்போதுதான் விழுந்த பனியில் பெரும்பகுதி வெறும் காற்று. ஒரு கனமீட்டர் தண்ணீர் 1000 கிலோ என்றால், அதே அளவு புதுப்பனி 50 முதல் 100 கிலோவே இருக்கும். அதன்மேல் ஒரு மனிதர் மூழ்காமல் நகர வேண்டுமானால் அவருடைய எடை பரந்த இடத்தில் பரவ வேண்டும். பார்க் கேட்பது குட்டையாய், இலேசாய், விறைப்பாய், அடி தாங்குவதாய் ஒரு பலகை. பொடிப்பனி கேட்பது நீளமாய், அகலமாய், முனை மேல்நோக்கி எழும்பியதாய் ஒரு பலகை. இரண்டையும் ஒரே மரத்தில் கொண்டுவர எடுத்த காலம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு.

அதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வேட்டைக்கும் பயணத்துக்கும் மனிதர்கள் பலகை கட்டிக்கொண்டு போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வேயின் டெலிமார்க் பகுதியில், மொர்கெடால் என்ற சிற்றூரில் சோண்ட்ரே நோர்ஹைம் என்ற எளிய குடியானவர் ஸ்கீயின் நடுப்பகுதியைக் குறுக்கி இடை ஒடுங்கச் செய்தார். முறுக்கிய மர வேரால் குதிகாலையும் கட்டினார். பலகை காலோடு ஒட்டி நின்றதால் திருப்பவும் முடிந்தது, குதிக்கவும் முடிந்தது. நோர்ஹைம் திருப்பத்தில் மட்டும் தேர்ந்தவர் அல்லர், பெயர் பெற்ற தாவல்காரரும்கூட. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இடை ஒடுங்கிய ஸ்கீயை உலகுக்குக் காட்டியவர் தாவுவதில் இன்பம் கண்டவர். பின்னாளில் பெரியவர்கள் சிலர் தாவலைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியபோது இது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

பிறகு 1920களில் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் மரத்தின் ஓரத்தில் எஃகு விளிம்பு பதித்தார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அமெரிக்கர் ஹவர்ட் ஹெட், ஒட்டுப்பலகைக்கு மேலும் கீழும் அலுமினியத் தகடு ஒட்டிய ஸ்கீயை 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியிழை வந்தது. 1993இல் ஸ்லொவேனியாவின் ஏலான் நிறுவனம் யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்ற பொறியாளர்களின் உழைப்பில் எஸ்.சி.எக்ஸ். என்ற ஸ்கீயை வெளியிட்டது. நோர்ஹைமின் ஒடுங்கிய இடையை அவர்கள் இன்னும் ஆழமாக்கினார்கள். அதைச் சாய்த்தாலே போதும், பலகை தானாக வில்லாய் வளைந்து திரும்பும். இத்தனை பேரும் விடை தேடியது ஒரே கேள்விக்குத்தான்: கெட்டிப்பனியில், முன்னோக்கிப் போகும்போது, எப்படி நன்றாகத் திரும்புவது? அந்தக் கேள்வியில் வாலுக்கு வேலையில்லை. 200 செ.மீ.க்கு மேல் நீண்ட அந்தக் கால ஸ்கீயின் பின்முனை தட்டையாக, வெட்டி விட்டதுபோல் நின்றது. பின்னோக்கிப் போக யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். 1970களில் அமெரிக்காவின் ஓலின் நிறுவனம் வால் நிமிர்ந்த ஸ்கீ ஒன்றைச் செய்தது. ஆனால் அப்போது அதை ஏந்திக்கொள்ள ஒரு தலைமுறை இல்லை.

அந்தத் தலைமுறையை உண்டாக்கியது ஸ்னோபோர்டு. 1980களில் பல பனிமலை விடுதிகள் ஸ்னோபோர்டை உள்ளேயே விடவில்லை. 1990களில் நிலைமை தலைகீழானது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஸ்னோபோர்டுக்குப் போனார்கள். அவர்களுக்காகவே பார்க்குகள் எழுந்தன. ஸ்கீ என்றால் அப்பாவும் அம்மாவும் போவது என்றாகிவிட்டது. ஸ்கீக்காரர்களுக்கு மிஞ்சியிருந்த தாவல் களம் மோகல் பந்தயம் மட்டுமே. மேடு பள்ளமான சரிவில் முழங்கால் படபடக்க இறங்கி இரண்டு இடங்களில் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கும் விதிகள் கை கட்டிவிட்டன. அப்போது தலைகீழாகச் சுழலக் கூடாது, நேராக எழும்பிக் கால்களை விரிக்கலாம், ஓரிரு சுற்றுச் சுற்றலாம். நடுவர்களின் மதிப்பெண் தாள் நெடுங்காலம் மாறவில்லை.

கனடாவில் விஸ்லருக்கு அருகே பிளாக்கூம் மலையின் பனியாற்றில் கோடையிலும் பனி இருக்கும். மோகல் பயிற்சி முகாம்கள் அங்கேதான் நடந்தன, பக்கத்திலேயே ஸ்னோபோர்டு முகாம்களும். ஜப்பான் மோகல் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மைக் டக்ளஸ், அவருடைய இளைய நண்பர்களான ஜே.பி. ஓக்லேர், ஜே.எஃப். குசோன், வின்சென்ட் டோரியோன், ஷேன் சாக்ஸ் ஆகியோர் பயிற்சி முடிந்ததும் ஸ்னோபோர்டுக்காரர்களின் தாவுமேடைகளுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் செய்ததை எந்த மதிப்பெண் தாளும் கேட்கவில்லை. சாய்ந்து சுழன்றார்கள், ஸ்கீயைக் கையால் பிடித்தார்கள், பின்னோக்கி ஓடித் தாவினார்கள், பின்னோக்கியே இறங்கினார்கள். உடம்பு தயாராக இருந்தது, காலில் கட்டியிருந்த பலகை தயாராக இல்லை. தட்டை வாலோடு பின்னோக்கித் தரையிறங்கினால் வால் பனிக்குள் குத்திக்கொள்ளும். நியூ கனேடியன் ஏர் ஃபோர்ஸ் என்று அழைக்கப்பட்ட இந்தச் சிறு கூட்டத்துக்குத் தேவைப்பட்டது இரண்டு முனையும் நிமிர்ந்த, நடுவில் கால் நிற்கக்கூடிய ஒரு ஸ்கீ.

டக்ளஸும் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபியரிங்கும் திட்டம் ஒன்றை எழுதி, தாவல்களைப் படம் பிடித்த வீடியோவோடு ஸ்கீ நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். பிரான்ஸின் சலமோன் மட்டும் கை நீட்டியது. 1998இல் டென்எய்ட்டி என்ற பெயரில் அந்த ஸ்கீ கடைக்கு வந்தது. 1080 பாகை, அதாவது காற்றில் மூன்று முழுச் சுற்று என்பதே அந்தப் பெயர். அடுத்த ஆண்டு கொலராடோவின் க்ரெஸ்டட் பியூட்டில் நடந்த குளிர்கால எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக ஸ்கீக்கு பிக் ஏர் என்ற பெருந்தாவல் போட்டி வைத்தார்கள். குசோன் வென்றார். நியூயார்க் மாநிலத்தில் ஜேசன் லெவின்தால் 1995இல் கராஜில் தொடங்கிய லைன் நிறுவனமும் வேறு வழியில் அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் முதலில் செய்தது இரு முனையும் நிமிர்ந்த மிகக் குட்டையான ஸ்கீபோர்டுகள், பிறகு முழு நீள ஸ்கீகள்.

டென்எய்ட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அது விளையாட்டைக் காப்பாற்றியது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அதுவரை ஸ்கீயின் வடிவத்தைப் பொறியாளரும் பந்தயக் கடிகாரமும் முடிவு செய்தன. முதன்முறையாக, தாவி விழுந்த இளைஞர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், தொழிற்சாலை அதைச் செய்தது. அந்த வழக்கம் அதன்பின் நிற்கவில்லை. 2002இல் ஓக்லேர், குசோன், டேனர் ஹால், ஜூலியன் ரெனியே முதலானோர் சேர்ந்து ஆர்மடா என்ற நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்கள். சறுக்குபவர்களே முதலாளிகள்.

இப்போது கதையின் மறு கிளைக்குப் போக வேண்டும். ஹூபர் அறுத்த ஸ்னோபோர்டிலிருந்து பிறந்த அகல ஸ்கீயை அட்டாமிக் 1990களின் தொடக்கத்தில் விற்றது. ஃபேட் பாய் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹெலிகாப்டர் ஸ்கீ நிறுவனங்கள் விருந்தாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, இடுப்பளவு பனியில் பாதி நாளிலேயே சோர்ந்துபோனவர்கள் மாலைவரை இறங்கினார்கள். தேர்ந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஏமாற்றுவேலை என்றார்கள். ஆழப்பனியில் குறுகிய ஸ்கீயோடு மல்லுக்கட்டுவதே திறமை என்று நம்பியவர்கள் அவர்கள்.

ஷேன் மக்காங்கி அப்படி நினைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலியைக் களமாகக் கொண்ட அவர் அந்தக் காலத்தின் மிகத் துணிந்த சறுக்கு வீரர்களில் ஒருவர். 1996இல் அர்ஜென்டினாவின் லாஸ் லென்யாஸில் இருந்தபோது காகிதக் கைக்குட்டையில் ஒரு ஸ்கீயை வரைந்தார். அந்த வரைபடத்தில் அதுவரை ஸ்கீ கற்ற எல்லாப் பாடமும் தலைகீழாக இருந்தது. வழக்கமான ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி கொஞ்சம் தூக்கி நிற்கும். அதற்குக் கேம்பர் என்று பெயர். ஆள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, விளிம்பு முழுவதும் பனியை அழுத்தும். கெட்டிப்பனியில் பிடிமானம் கிடைப்பது அதனால்தான். ஆனால் தூளான பனியில் அழுத்தம் முனைகளுக்குப் போனால் முனைகள் கீழே புதையும். அகன்ற முனையும் அகன்ற வாலும் ஒடுங்கிய இடையும் கெட்டிப்பனியில் வளைவைத் தரும், பொடிப்பனியிலோ எங்கெங்கோ கொக்கி போட்டு இழுக்கும். பொடிப்பனி தண்ணீருக்கு நெருக்கம் என்றார் மக்காங்கி. தண்ணீரில் போவது எதுவும் நடுவில் ஒடுங்கி முனையில் விரிவதில்லை. நடுவில்தான் அகலம், முன்பக்கம் தோணியின் மூக்குபோல் மேலே எழும்பும்.

சொன்னதோடு நிற்கவில்லை. 2001இல் அலாஸ்காவின் மலையில் தண்ணீர்ச் சறுக்குப் பலகைகளிலேயே காலணியைப் பலகையோடு பிணைக்கும் ஸ்கீ பைண்டிங்கைத் திருகி மாட்டிக்கொண்டு இறங்கினார். அது வேலை செய்தது. கொலராடோவின் வோலன்ட் நிறுவனம் அவருடைய வரைபடத்தை உருவாக்கியது. 2002இல் ஸ்பாட்டுலா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த ஸ்கீயின் இடை 125 மி.மீ., முனைகள் அதைவிடக் குறுகல். பந்தயத்தில் ஓடும் ஸ்லாலம் ஸ்கீயின் இடையோ 70 மி.மீ.யைத் தொடாது. நடுப்பகுதி தரையில் படிந்து இரு முனைகளும் மெல்ல எழும்பும் ராக்கர் என்ற அமைப்பு அதிலிருந்துதான் பெரிதாகப் பரவியது. ஸ்பாட்டுலா கெட்டிப்பனியில் கட்டுக்கடங்காது என்பது மக்காங்கிக்கே தெரியும். அது எந்த நாளுக்குப் பிறந்ததோ அந்த நாளில் மட்டும் அதைக் கேளுங்கள் என்பதுதான் அவருடைய வாதம். பின்னர் கே2 நிறுவனத்தில் பான்டூன் என்ற ஸ்கீயாக அந்த எண்ணத்தை வளர்த்தார். 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலமைட் மலைகளில், ஸ்கீயோடு பாறையிலிருந்து தாவிப் பாராசூட் விரிக்கும் முயற்சியில் இறந்தார். அவர் வரைந்த கோட்டின் சாயல் இன்று கடைச் சுவரிலிருக்கும் பெரும்பாலான ஸ்கீகளின் முன்முனையில் இருக்கிறது.

இரண்டு கிளைகளும் எங்கே ஒட்டின? தொழிற்சாலையில் அல்ல, மலையில். யூட்டாவின் ஆல்டா அருகே கிரிஸ்லி கல்ச் என்ற பள்ளத்தில் பழைய சுரங்கக் கழிவு மேடுகள் இரண்டு எதிரெதிராக நிற்கின்றன. நடுவில் ஏறக்குறைய 120 அடி வெற்றிடம். சேட்ஸ் கேப் என்ற பெயருள்ள அந்த இடைவெளியை 1999இல் பிரான்ஸின் லா க்ளூசாவிலிருந்து வந்த பதின்வயது கான்டீட் தொவெக்ஸ் இரண்டு சுற்றுச் சுழன்றபடியே கடந்தார். பார்க்கில் பழகிய தாவல் காட்டுப்பனியில் இறங்கியது. அதே இடத்தில் 2005இல் டேனர் ஹால் தூரம் குறைந்து விழுந்து இரு கணுக்கால்களையும் உடைத்துக்கொண்டார். தொவெக்ஸ் எக்ஸ் கேம்ஸில் பிக் ஏர், பாதிக் குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் ஆடும் ஹாஃப்பைப், தாவுமேடைகளும் கம்பிகளும் நிறைந்த சரிவில் ஆடும் ஸ்லோப்ஸ்டைல் மூன்றிலும் தங்கம் வென்றவர். 2007இல் சொந்த ஊரில் நடந்த போட்டியில் முதுகெலும்பு உடைந்தது. மூன்று ஆண்டுகளில் எழுந்து வந்து, பார்க்கோடு எந்த உறவும் இல்லாத செங்குத்துப் பாறைச் சரிவுகளின் போட்டியான ஃப்ரீரைட் உலகச் சுற்றில் 2010இன் சாம்பியன் ஆனார். பார்க்கும் பொடிப்பனியும் வெவ்வேறு ஆட்களின் வேலை என்று சொல்ல அதன்பின் வாய்ப்பில்லை.

ஆரிகனைச் சேர்ந்த எரிக் போலர்ட் இன்னும் நுட்பமான வேலை செய்தார். அவர் பொடிப்பனியிலேயே பின்னோக்கிப் போனார். லைன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ஸ்கீகளில், அவற்றில் புகழ்பெற்றது சர் ஃப்ரான்சிஸ் பேக்கன், முன்னும் பின்னும் வளைவிலும் நெகிழ்விலும் நெருங்கி வந்தன. அகலம் மக்காங்கியின் பக்கத்திலிருந்து, சமச்சீர் ஓக்லேரின் பக்கத்திலிருந்து. கலிஃபோர்னியாவின் கிறிஸ் பென்செட்லர் அட்டாமிக்குக்காகச் செய்த பென்ட் செட்லரும் அந்த வழிதான். முதலில் ஆழப்பனிக்கான 120 மி.மீ. வகை, பிறகு அதே உடம்பை 100 மி.மீ. இடைக்குச் சுருக்கிய தம்பி. அகலத்தில் தொடங்கியது மெல்ல உள்நோக்கி வர, 85 மி.மீ. அளவில் தொடங்கிய பார்க் ஸ்கீ வெளிநோக்கி வர, இரண்டும் 100 மி.மீ.யைச் சுற்றிச் சந்தித்தன. வடிவத்திலும் உடன்பாடு வந்தது: காலுக்குக் கீழே கேம்பர், இரு முனைகளிலும் ராக்கர். நடுப்பகுதி கெட்டிப்பனித் தரையிறக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், முனைகள் புதுப்பனியில் எழும்பும்.

2014இல் சோச்சி ஒலிம்பிக்ஸில் ஸ்கீ ஹாஃப்பைப்பும் ஸ்லோப்ஸ்டைலும் சேர்ந்தன. அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடிய கனடாவின் சாரா பர்க் அதைப் பார்க்கவில்லை. 2012 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். சோச்சி நடந்த அதே 2014 செப்டம்பரில் சிலி, அர்ஜென்டினா எல்லையிலுள்ள சான் லொரென்சோ மலையில் ஓக்லேரும் ஸ்வீடனின் ஆந்த்ரேயாஸ் ஃப்ரான்சனும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். இந்தப் பலகையின் கதையில் இத்தனை மரணங்கள் வருவதை மறைக்க எனக்கு மனமில்லை. வடிவத்தின் ஒவ்வொரு வளைவையும் யாரோ ஒருவர் தன் உடம்பால் சோதித்திருக்கிறார்.

இனி தொழிற்சாலைக்குள் போவோம். பாப்ளர், பீச், ஆஷ், பவுலோனியா போன்ற மரங்களைச் சன்னச் சட்டங்களாக அறுத்து நிமிர்த்தி ஒட்டி, நடுவில் தடித்து முனைகளில் மெலியும்படி சீவுகிறார்கள். பவுலோனியா இலேசானது, ஆஷ் திடமானது. எதை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் ஸ்கீயின் குணம் இருக்கிறது. அடியில் மெழுகை உறிஞ்சும் பாலிஎத்திலீன் தகடு, அதைச் சுற்றி வளைத்துப் பொருத்திய எஃகு விளிம்பு, மேலும் கீழும் பிசின் தோய்ந்த கண்ணாடியிழை. எல்லாவற்றையும் அச்சில் அடுக்கிச் சூடேற்றி அழுத்தினால் ஒரே உடம்பாகிறது. ராக்கரும் கேம்பரும் அந்த அச்சின் வளைவிலிருந்தே வருகின்றன. பார்க்குக்கும் போகும் ஸ்கீ என்றால் இங்கேயே சில மாற்றங்கள் உண்டு. வேகத்துக்கான ஸ்கீயில் விளிம்பு மெல்லியதாக இருக்கலாம், இதில் 2.5 மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும். இரும்புக் கம்பியில் மோதும்போது மெல்லிய விளிம்பு காலுக்குக் கீழே வெடித்துவிடும். பக்கச் சுவரும் கெட்டியான பிளாஸ்டிக்கில் செங்குத்தாக நிற்கும்.

கடைச் சுவரின் முன்னால் நிற்கும் இளைஞரிடம் வருகிறேன். அவர் முதலில் பார்ப்பது இடை அகலம், பல நிறுவனங்கள் அதைப் பெயரோடு சேர்த்தே எழுதிவிடுகின்றன. 95இலிருந்து 105க்குள் என்றால் இரண்டு நிலத்துக்கும் பொது. இந்தப் பத்து மி.மீ.க்குள் எங்கே நிற்பது என்பதை மலைதான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாதிரி அடிக்கடி உருகி உறையும் கிழக்குப் பகுதியில் இருப்பவர் 95க்கும் கீழே போகலாம். ஜப்பானின் ஹொக்கைடோவிலோ நம் நாட்டில் குல்மார்க்கின் அபர்வாத் சரிவுகளிலோ இருப்பவருக்குப் புதுப்பனிதான் முதல் வேலை, பார்க் இரண்டாம் பட்சம், ஆகவே 105ஐத் தாண்டலாம். இரண்டும் சமமாகக் கிடைக்கும் இடம் என்றால் அகலத்தில் ஒரு படி குறைத்து எடுப்பதையே நான் சொல்வேன். காரணம் உண்டு. அகலம் போதாத குறையை ராக்கரும் வேகமும் ஓரளவு ஈடுகட்டும். கெட்டிப்பனியில் அகலம் மிஞ்சினால் அதை ஈடுகட்ட எதுவும் இல்லை. விளிம்பு மாற்றும்போது கணுக்காலும் முழங்காலும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக உழைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பனி விழும் நாட்களைவிட விழாத நாட்களே அதிகம்.

நீளத்தில் இதற்கு எதிராக யோசிக்க வேண்டும். பார்க்குக்கு மட்டும் என்றால் மூக்கு உயரம், நெற்றி உயரம் போதும். ஆனால் இரு முனையும் எழும்பிய ஸ்கீயில் கெட்டிப்பனியைத் தொடும் நீளம் ஸ்கீயின்மேல் எழுதிய நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவு. அதனால் தலை உயரத்துக்கே எடுக்கலாம், காற்றில் சுற்றும்போது கொஞ்சம் தாமதம் தெரியும், தரையிறங்கும்போது நிம்மதி தெரியும். நெகிழ்வைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். மூக்கும் வாலும் நன்கு வளைய வேண்டும். அவற்றின்மேல் எடையைச் சாய்த்துச் சுழலும் வித்தைகள் அப்போதுதான் வரும். காலுக்குக் கீழே மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய தாவலுக்குப் பின் ஸ்கீ மடங்கி ஆளை முன்னே தள்ளும். மிக இலேசான ஸ்கீ கையில் எடுத்துப் பார்க்கும்போது மயக்கும். மதியத்துக்குமேல் ஆயிரம் பேர் உழுத பனியில் அது தடுமாறும். எடையைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நான் நம்புவதில்லை.

வாங்கியபின் இரண்டு வேலைகள் மிச்சம். விளிம்பைக் காலடியிலும் முனைகளிலும் சற்று மழுக்க வேண்டும், கூராக விட்டால் கம்பியில் சிக்கிக்கொள்ளும். ஒரேயடியாக மழுக்கினால் உறைந்த காலையில் பிடிமானம் போய்விடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகவே. பைண்டிங்கின் பிரேக் அகலம் ஸ்கீயின் இடைக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால் கீழே இறங்காது, மிக அதிகமானால் பனியில் இழுபடும்.

கடைசியாக, பைண்டிங்கை எங்கே திருகுவது. கதையின் இரண்டு கிளைகளும் மறுபடி மோதும் இடம் இதுதான். சரியாக மையத்தில் பொருத்தினால் முன்னும் பின்னும் ஒரே நீளம், பின்னோக்கித் தாவுவதும் இறங்குவதும் இயல்பாக வரும், ஆனால் புதுப்பனியில் முன்னால் இருக்கும் மூக்கு குட்டை, புதையும். ஏழெட்டு செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் மூக்கு நீண்டு மிதக்கும், வால் குட்டையாகிப் பின்னோக்கித் தரையிறங்கும்போது ஆதரவு தராது. இரண்டையும் விரும்புகிறவருக்கு மையத்திலிருந்து இரண்டு முதல் நான்கு செ.மீ. பின்னால் என்பது நல்ல இடம். தயாரிப்பாளர்கள் ஸ்கீயின்மேலேயே ஒன்றிரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள், அவற்றையும் பார்க்க வேண்டும். ஒருமுறை துளையிட்டபின் மாற்ற நினைத்தால் புதுத் துளை பழையதிலிருந்து ஒரு செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே ஸ்கீயில் இரண்டு மூன்று முறைக்குமேல் துளையிட மரம் இடம் கொடுக்காது. முடிவெடுக்க முடியாதவர்கள் முன்பின் நகர்த்தக்கூடிய பைண்டிங்கை வாங்கலாம். அது கொஞ்சம் கனம். காலையில் பார்க்குக்கு முன்னே தள்ளி, பனி பெய்த நாளில் பின்னே இழுத்து, ஒரு பருவம் முழுக்கச் சறுக்கிப் பார்த்து, கால் எந்தக் கோட்டில் நிற்க விரும்புகிறது என்று தெரிந்தபின் நிலையாகத் திருகிக்கொள்ளலாம்.